விலைக்குத் தகுமா இந்த எஞ்சின்?

அந்தப் பொம்மைக் கடையில் எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு உண்டு. பலூனுக்கு உண்டு, பசைக்கு உண்டு, ஒற்றை ஆணிக்குக்கூட உண்டு. ஆனால் நீராவி ரயில் எஞ்சினின் விலைச்சீட்டைத்தான் எல்லாரும் இரண்டு தடவை படித்தார்கள். ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டதோ என்ற சந்தேகம். இரண்டாம் தடவையும் அதே விலை இருந்தால் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எஞ்சின் முழங்கை நீளம் இருக்கும். பச்சை உடம்பு, கறுப்புப் புகைபோக்கி, பித்தளைக் குழாய்கள். மின்சாரத்தில் ஓடுவதல்ல. உள்ளே தண்ணீர் ஊற்றி, அடியில் தீ மூட்டினால் நிஜமான நீராவியில் ஓடும். ஓடும் என்று பேச்சு. நாலு வருடமாக அது கண்ணாடிப் பெட்டிக்குள் சும்மா நின்றுகொண்டிருந்தது.

அதன் எதிரே உட்கார்ந்துதான் பொடிசு தினமும் வீட்டுப்பாடம் எழுதுவாள். வயது பத்து. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. கடையில் அது யாருக்கும் தெரியாது. அப்பா அங்கே விற்பனையாளர். அம்மா போன வருடம் இறந்துவிட்டாள். அதிலிருந்து பள்ளி விட்டதும் பொடிசு நேரே கடைக்கு வந்துவிடுவாள்.

அப்பாவுக்கு எப்போதும் களைப்பு. காலையில் எழும்போதே களைப்பாகத்தான் எழுவார். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருப்பவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மீதியைப் பொடிசு தடவிக்கொள்வாள். ஒருநாள் ஒரு காலில் கறுப்புச் செருப்பும் ஒரு காலில் பழுப்புச் செருப்புமாகக் கடைக்கு வந்தார். சாயங்காலம்வரை அவர் கவனிக்கவில்லை. பொடிசு கவனித்தாள். சொன்னால் பாவம், திரும்பவும் வீட்டுக்கு நடப்பாரே என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை முதலாளியம்மா வந்தார். எஞ்சினைப் பார்த்தார், விலைச்சீட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். சனிக்கிழமைக்குள் இது விற்காவிட்டால் கம்பெனிக்கே திருப்பி அனுப்பப்போவதாகச் சொன்னார். அதன்பிறகு ரயில் பகுதி என்று ஒன்று கடையில் இருக்காது. அதற்கு ஒரு ஆளும் தேவைப்படாது. அப்பா ஊரின் மறுகோடியில் இருக்கும் கிடங்குக்குப் போகவேண்டியிருக்கும். வேலை முடிய இரவு ஒன்பது மணி ஆகும்.

முதலாளியம்மா கெட்டவர் இல்லை. சொல்லும்போது பொடிசின் பக்கம் திரும்பாமலேதான் சொன்னார்.

பொடிசு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். ஒன்பதுக்குக் கிளம்பினால் வீடு வர பத்தரை. அவள் தூங்கிவிடுவாள். காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா தூங்குவார். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்தைக் கிழித்துக் கசக்கிப் போட்டாள்.

கடைக்கு எதிரே பஸ் டிப்போ. அங்கிருந்து ஓர் ஓட்டுநர் அடிக்கடி வருவார். கியர் மாற்றி மாற்றி ஒரு தோள் சற்று இறங்கிப்போனவர். நாலரை மணிக்கு அவருக்கு அரை மணி இடைவேளை. வந்து கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்பார். ஒரே கேள்விதான் கேட்பார்.

"தம்பி, இது இந்த விலைக்குத் தகுமா?"

அப்பாவும் ஒரே பதில்தான் சொல்வார். "தரமான சாமான் சார்."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இரண்டு வருடமாக இதுதான் நடந்தது.

புதன்கிழமை அவர் வந்தபோது அப்பா ஏணிமேல் இருந்தார். ஓட்டுநர் பொடிசிடம் கேட்டார்.

"நீ சொல்லு பாப்பா. தகுமா?"

பொடிசு பென்சிலைக் கீழே வைத்தாள். "தெரியாது மாமா. அது ஓடி நாங்க பார்த்ததே இல்ல."

ஏணிமேல் அப்பா அசையாமல் நின்றார். ஓட்டுநர் முதல் தடவையாகச் சிரித்தார். "அது சரி. ஓட்டிப் பார்க்காம நான் பழைய சைக்கிள்கூட வாங்கமாட்டேன்."

அவர் போனபிறகு அப்பா இறங்கி வந்து ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபிக்கவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. அதை ஓட்டக்கூடாது என்று முதலாளியம்மாவின் கட்டளை இருப்பதை மட்டும் சொன்னார். ஒரு தடவை தீ மூட்டினால் போதும், புகைபோக்கிக்குள் கரி பிடித்துவிடும். அப்புறம் அது புது எஞ்சின் இல்லை, ஓட்டிய எஞ்சின். விலை பாதியாகிவிடும்.

"ஓடுறதை விக்கணும், ஆனா ஓட்டக்கூடாதா?" என்று கேட்டாள் பொடிசு.

"ஆமா" என்றார் அப்பா. நாலு வருடத்தில் அது அவருக்கு விசித்திரமாகப் பட்டதே இல்லை. இப்போது பட்டது. ஆனால் அதற்குமேல் யோசிக்க அசதியாக இருந்தது.

மறுநாள் பொடிசு அப்பாவிடம் மேல்தட்டில் இருந்து எஞ்சினின் அட்டைப்பெட்டியை எடுத்துத் தரச் சொன்னாள். உள்ளே எஞ்சின் வடிவத்தில் குழி வெட்டிய பஞ்சு மெத்தை இருந்தது. கையேடு இருந்தது. அதை முதலிலிருந்து படித்தாள். எவ்வளவு தண்ணீர், அடியில் எரிக்க எவ்வளவு ஸ்பிரிட், எந்தச் சக்கரத்தில் எத்தனை சொட்டு எண்ணெய் என்று எல்லாம் இருந்தது. பெட்டி நல்லதாக இருக்கிறதே, பென்சில் போட்டுக்கொள்ளலாமே என்று மெத்தையைத் தூக்கினாள். அடியில் ஓர் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

அதைப் படித்தாள். விலைச்சீட்டைப் படிப்பவர்களைப் போல இரண்டு தடவை படித்தாள். பிறகு அப்பாவிடம் டார்ச் லைட் கேட்டு, கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, புகைபோக்கிக்குள் ஒளி அடித்துப் பார்த்தாள்.

முதலாளியம்மா மாடியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பொடிசு அட்டையை அவர் முன்னால் வைத்தாள்.

"முதலாளியம்மா, இது ஏற்கெனவே ஓட்டின எஞ்சின்."

அவர் திடுக்கிட்டு, யார் ஓட்டினது என்று அதட்டினார். பொடிசு விரலால் காட்டினாள். தொழிற்சாலையை விட்டு வெளியே அனுப்புமுன் இந்த எஞ்சின் இருபது நிமிடம் நீராவியில் ஓட்டிச் சோதிக்கப்பட்டது என்று அட்டையில் எழுதியிருந்தது. கீழே சோதித்தவரின் கையெழுத்து. ஓரத்தில் அவருடைய எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை, கறுப்பாக, தெளிவாக.

"உள்ள கரிகூட இருக்கு. நான் பார்த்தேன்."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அட்டையை மறுபடி படித்தார்.

"நாலு வருஷமா பொத்திப் பொத்தி வச்சிருந்தேனே" என்றார் கடைசியில். யாரைக் குறைசொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "சரி. ஒரே தடவை. தரையில தகரத் தட்டு போட்டுக்கணும். தீப்பெட்டியை உங்கப்பாதான் தொடணும்."

வெள்ளிக்கிழமை நாலரைக்கு ஓட்டுநர் உள்ளே வந்தபோது கடைத்தரையில் தண்டவாளம் வட்டமாகக் கிடந்தது. பொடிசு கையேட்டை வரி வரியாக வாசித்தாள். அப்பா சொன்னபடி செய்தார். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீர். பன்னிரண்டு இடத்தில் எண்ணெய். ஸ்பிரிட்டைச் சிந்தாமல் ஊற்ற அவருக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. தகரத் தட்டின்மேல் எஞ்சினை வைத்துத் தீ மூட்டினார். நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது.

"இப்ப என்ன?" என்றார் ஓட்டுநர்.

"தண்ணி கொதிக்கணும் மாமா. பன்னிரண்டு நிமிஷம்னு போட்டிருக்கு."

செய்ய ஒன்றும் இல்லை. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் காலணியைத் தளர்த்திக்கொண்டார். டிப்போவில் இந்த அரை மணி நேரத்தை எப்படிக் கழிப்பார்கள் என்று பொடிசு விசாரித்தாள். ஓய்வறை என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். நாற்பது நாற்காலி, ஒரு சுவர். எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேச ஆரம்பித்தால் சம்பளப் பேச்சில் போய் முடியும், அதனால் பேசவும் மாட்டார்கள்.

அப்பா அதைக் கேட்கவில்லை. பொம்மை அலமாரியில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பொடிசு எழுப்பப் போனாள்.

"விடு" என்றார் ஓட்டுநர் மெதுவாக. "எனக்கு இந்தத் தூக்கம் தெரியும்."

எஞ்சினுக்குள் முதலில் டிக் டிக் என்று ஏதோ கேட்டது. பிறகு குழாய்கள் முணுமுணுத்தன. அழுத்தம் காட்டும் முள் நகர்ந்தது. பாதுகாப்பு வால்வு உஸ்ஸென்று சீறியதும் அப்பா தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். "தரமான சாமான் சார்" என்றார்.

ஓட்டுநர் வாயைப் பொத்திக்கொண்டார். பொடிசுக்கும் சிரிப்பு வந்தது. என்ன சொன்னோம் என்று புரிந்ததும் அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

எஞ்சினைத் தண்டவாளத்தில் ஏற்றி நெம்புகோலைத் தள்ளினார். அது சுடுதண்ணீரைத் துப்பிவிட்டு, ஒரு தடவை தயங்கி, நகர்ந்தது. சக்கரங்களோடு தண்டுகள் ஏறி இறங்கின. வெள்ளை ஆவி அதன் தோளுக்குமேல் பின்னால் சாய்ந்தது. கடை முழுக்க எண்ணெயும் சூடும் மணந்தன. வட்டமடித்தது, மறுபடி வட்டமடித்தது. மாடிப்படியில் முதலாளியம்மா வந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை.

ஓட்டுநர் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிய தோள் இன்னும் இறங்கி, அப்படியே தளர்ந்து இருந்தது.

"நான் ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம்" என்றார் ஒருதடவை. "அதுவே போகுது."

ஓட ஆரம்பித்த பன்னிரண்டாவது நிமிடத்தில் தீ தானாக அணைந்தது. எஞ்சின் மெல்ல மெல்ல நின்றது. சிறிது நேரம் யாருக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

"சொல்லு பாப்பா" என்றார் ஓட்டுநர். "இப்பத்தான் பார்த்துட்டியே. தகுமா?"

பொடிசு அப்பாவைப் பார்த்தாள். தகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்குச் சனிக்கிழமை. ஓட்டுநர் வாங்கிவிடுவார், அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த முகத்தின் கீழே கிழிந்து தைத்த சட்டைக் காலரும் தெரிந்தது.

"தகாது மாமா" என்றாள்.

படியில் முதலாளியம்மா இருமினார்.

"ஒருத்தருக்குத் தகாது. நீங்க நாலு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவீங்க. அப்புறம் தண்ணி ஊத்தணும், துடைக்கணும்னு அலுப்பு வந்துடும். இங்க நின்ன மாதிரியே உங்க வீட்டுலயும் நிக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா உங்க ரூம்ல நாற்பது பேர் இருக்கீங்க. கொதிக்கப் பன்னிரண்டு, ஓடப் பன்னிரண்டு. அரை மணிக்குள்ள முடிஞ்சுடும். நாற்பது பேருக்குத் தகும்."

ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார். காலணியை இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது பொடிசுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டாள். தான் கெடுத்துவிட்டோமா என்று கேட்டாள். தெருமுனை திரும்பியபிறகு அப்பா, "நான் ரெண்டு வருஷமா சொல்லியிருக்க வேண்டியது. நீ சொல்லிட்ட" என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிவரை யாரும் வரவில்லை. நாலு மணிக்கு ஒரு தாயும் பையனும் வந்து பசை வாங்கிப் போனார்கள். முதலாளியம்மா எஞ்சினின் அட்டைப்பெட்டியைக் கீழே எடுத்து வைக்கச் சொன்னார். அப்பா எடுத்து வைத்தார்.

நாலரைக்குக் கதவு திறந்தது. காக்கிச் சட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. பதினொரு பேர். கடையில் அதற்குமேல் இடம் இல்லை, மீதிப்பேர் வெளியே நின்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்கள். ஓட்டுநரின் கையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. முப்பத்தேழு பேர் அதில் காசு போட்டார்களாம். மூன்று பேர் மட்டும் முதலில் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போடுகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

மெலிந்த நடத்துநர் ஒருவருக்கு மட்டும் திருப்தியில்லை. இந்தக் காசுக்கு நிஜ எஞ்சினில் பாதி வாங்கலாம் என்றார். ஓட்டின எஞ்சின்தானே, விலையைக் குறைக்கக்கூடாதா என்றார்.

முதலாளியம்மா அட்டையை நீட்டினார். "இது சோதிச்ச எஞ்சின். உங்க டிரைவரையே கேளுங்க, நேத்து மறுபடியும் சோதிச்சோம்."

"அப்ப ரெண்டு தடவை பழசு" என்றார் நடத்துநர். ஆனால் சொல்லும்போதே எஞ்சினின் தண்டை விரலால் ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீயைக் கையாளும் முறையை அப்பா எடுத்துச் சொன்னார். டீசல் பக்கம் கொண்டுபோகவே கூடாது, தகரத் தட்டு இல்லாமல் மூட்டக்கூடாது. பதினொரு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டினார்கள். முதல் வாரம் அவரே வந்து மூட்டித்தர வேண்டும் என்று கேட்டார்கள். அவர் முதலாளியம்மாவைப் பார்த்தார்.

"போய்ட்டு வா" என்றார் அவர். "அரை மணிதானே. இனி ரயில் பகுதியில எல்லாத்தையும் ஓட்டிக் காட்டித்தான் விக்கணும். அதுக்கு ஆள் வேணும்." கிடங்கைப்பற்றி அவர் மறுபடி பேசவே இல்லை.

ஆறு மணிக்குக் கடையைச் சாத்தினார்கள். அப்பாவுக்குக் களைப்பாகத்தான் இருந்தது. பொடிசுக்கும்தான். புத்தகப்பையை அவர் ஒரு பக்கம் பிடிக்க, அவள் ஒரு பக்கம் பிடிக்க, மெதுவாக நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது பத்தரை ஆகவில்லை, வாசலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சாவித் துவாரம் நன்றாகத் தெரிந்தது.