வளைவில் பெருக்குகிறவள்

மதியம் இரண்டரை மணிக்கு டிகிரி விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சரிவின் தலைப்பில் வந்து நின்றாள். நானூறு வீடுகள் உள்ள குடியிருப்பு அது. வண்டிகள் கீழ்த்தளத்துக்கு இறங்கும் சரிவு பாதியில் வளையும். வளைவுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கோடு, பக்கத்தில் சிவப்புப் பலகை: நில். நிற்காதவர்களை நிறுத்துவது அவள் வேலை.

குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். அந்தப் படிப்புக்கு இங்கே கிடைத்த மரியாதை, 'டிகிரி' என்கிற இந்தப் பட்டப்பெயர் மட்டும்தான்.

பலகையை எவரும் மதித்ததில்லை. விசில் ஊதினால் கார்க் கண்ணாடி இறங்கும். "இது என்ன கவர்மென்ட் ரோடா? எங்க இடம்மா." போலீஸிடமும் போய்ப் பார்த்தாயிற்று. "காம்பவுண்டுக்கு உள்ள நடக்கறத நீங்களே பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அசோசியேஷன் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தது. 'அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று ஆரம்பிக்கும். நிற்காத வண்டியின் கண்ணாடியில் அதைச் செருகி வைப்பாள். மறுநாள் அது கசங்கிச் சரிவில் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளுவதும் அவள் அம்மாதான்.

இரண்டு மாதம் முன்புவரை கீழ்த்தளத்தை அம்மாவும் சித்தியும் ஜோடியாகப் பெருக்கினார்கள். சித்தி ரத்த உறவில்லை, அம்மாவின் கூட்டாளி. இடது கைக்காரி. ஒரு மதியம் வளைவில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தவளை, கோட்டில் நிற்காமல் வந்த கார் சுவரோடு சேர்த்து நசுக்கியது. அங்கேயே உயிர் போயிற்று. குடியிருப்புச் செயலாளரின் கார்.

அன்று சாயங்காலமே அவர் டிகிரியைக் கூப்பிட்டார். "நீதான் அழகா எழுதுவியே. விபத்து ரிப்போர்ட்ட நீயே எழுது. 'வண்டிப் பாதையின் குறுக்கே தானாகவே வந்ததால்'னு எழுது. உங்கம்மாவும் இங்கதானே வேலை பாக்கறா?"

எழுதினாள். ஒரு பிழை இல்லாமல் எழுதினாள். அதற்குத்தானே படித்தது.

போன வாரத்திலிருந்து வண்டிகள் நிற்க ஆரம்பித்தன.

கோட்டுக்கு வந்ததும் சட்டென்று நிற்கும். காத்திருக்கும். பிறகு மெல்ல இறங்கும். டிகிரி விசிலைத் தொடக்கூட இல்லை. நல்ல புத்தி வந்துவிட்டது போல என்று நினைத்தாள். மூன்றாம் வீட்டு டாக்டர் கண்ணாடியை இறக்கும்வரை.

"அந்தம்மாவ ஓரமா பெருக்கச் சொல்லும்மா. ஹார்ன் அடிச்சாலும் திரும்ப மாட்டேங்கறாங்க."

கீழே ஓடினாள். அம்மா லிஃப்ட் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வளைவுலயா பெருக்கின? எத்தனை தடவ சொல்றது?"

"நான் இன்னும் அந்தப் பக்கமே போகலடி. முட்டி விட்டுப் போச்சு."

"டாக்டர் பாத்தேங்கறார்."

அம்மா முட்டியைத் தடவுவதை நிறுத்தினாள். "எந்தக் கையால பெருக்கினாங்களாம்?"

டிகிரி அதைக் கேட்டு வரவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

மறுநாள் கூரியர்காரன் கேட்காமலே சொன்னான். "நம்ம இடது கை அக்கா லீவு முடிஞ்சு வந்துட்டாங்க போல?"

இன்று வண்டி வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. செயலாளர் தன் காரை விட்டு இறங்கி வந்தார், கூடவே ஸ்பேனருடன் எலெக்ட்ரீஷியன்.

"போர்டு இருக்கறதாலதான் நிக்கறானுங்க. கழட்டு."

"சார், கீழ அம்மா பெருக்கறாங்க."

"ஓரமா பெருக்கட்டும். உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

எலெக்ட்ரீஷியன் அவள் முகத்தைப் பார்க்காமல் நட்டைத் திருகினான். "போர்டப் புடி, டிகிரி. இதுக்குத்தான் மூணு வருஷம் காலேஜ் போன" என்றான். பலகை கழன்று கைக்கு வந்தது. நினைத்ததைவிட லேசாக இருந்தது.

"பாரு, இப்ப நானே எப்படிப் போறேன்னு" என்றபடி செயலாளர் தன் காரை எடுக்கப் போனார்.

டிகிரி பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

கீழே பினாயிலும் ஈர சிமெண்டும் கலந்த வாடை. டியூப்லைட் ஒன்று கண் சிமிட்டியது.

"வா, போலாம்."

"இன்னும் பாதி கிடக்குடி."

"கிடக்கட்டும். வேலை போனாலும் போகட்டும். வாம்மா."

அம்மாவுக்கும் அலுத்துவிட்டது. துடைப்பத்தைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். இருவரும் சரிவில் ஏறினார்கள்.

வளைவுக்கு இரண்டடி முன்னால் டிகிரியின் கால் நின்றது.

அவள் நிறுத்தவில்லை.

அம்மாவின் காலும் நின்றது.

சர்... சர்... சர்.

எதிரே யாரும் இல்லை. ஆனால் தரையில் தூசி நகர்ந்தது. வலமிருந்து இடமாக, கோடு கோடாக.

"அம்மா..."

"பேசாத. நில்லு."

மேலே எஞ்சின் உறுமியது. வெறும் கம்பத்தைத் தாண்டிக் கார் வேகம் குறையாமல் வளைவில் பாய்ந்தது. இன்னும் ஓரடி வைத்திருந்தால் இருவரும் சுவரோடு சுவராகியிருப்பார்கள். சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு இறங்கிய கார், கீழே கிறீச்சிட்டு நின்றது.

கால்கள் விடுபட்டன.

பெருக்கும் சத்தம் அவர்களைக் கடந்து சரிவில் இறங்கியது. அவசரமே இல்லாமல். காரின் முன்னால் போய் அங்கேயே தொடர்ந்தது. ஹார்ன் அலறி ஓய்ந்தது. கண்ணாடிக்குள் செயலாளர் இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார்.

டிகிரி கீழே திரும்பி ஓட எத்தனித்தாள். அம்மா முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடு. அவ பெருக்கி முடிக்கட்டும்."

ஒரு மணி நேரம் கழித்துப் பஸ்ஸில் போன் வந்தது. எலெக்ட்ரீஷியன். கிசுகிசுப்பாகப் பேசினான்.

"சார் வண்டிய விட்டு இறங்க மாட்டேங்கறார், டிகிரி. கண்ணாடியத் தட்டினா, 'இரு, இன்னும் முடிக்கல'ங்கறார். அதையே சொல்லிட்டிருக்கார்."

அவன் குரலுக்குப் பின்னால், சிமெண்டில் துடைப்பம் இழுபடும் சத்தம்.

டிகிரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"டிகிரி, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு." எலெக்ட்ரீஷியனின் குரல் உடைந்தது. "உங்கம்மா உன்கூடத்தானே இருக்காங்க?"

அம்மா அவள் தோளில் சாய்ந்து, வாய் திறந்தபடி, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.