ஒரே டிஸ்க்கில்

சவப்பெட்டியைச் சுற்றி ரெபேக்கா பதினான்கு பேரைத்தான் நிறுத்தியிருந்தாள். கணினித் திரையில் பதினைந்து பேர் இருந்தார்கள்.

எண்ணிக்கையில் அவள் தவறுகிறவள் அல்ல. கல்லறைக்குக் கிளம்பும் முன் குடும்பமாக நின்று எடுக்கும் கடைசிப் படம் அது. ஒரு மருமகன் விட்டுப்போனாலும் போட்டோக்காரிக்குத்தான் திட்டு விழும். நேற்றுக் காலை கருமத்தம்பட்டியில் பெரியவர் சின்னப்பராஜின் அடக்கத்தில் வாய்விட்டு எண்ணித்தான் எடுத்தாள். ஆனாலும் பின்வரிசை ஓரத்தில் ஒரு குழந்தையின் தலை தெரிந்தது. முகம் கலங்கலாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எதுவோ இடையில் புகுந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோவை கணபதியில் லேத் பட்டறைகள் எல்லாம் சாத்திக் கிடந்ததால், பக்கத்து அறையில் ஏழு வயது மகள் எஸ்லின் பார்க்கும் டிவியின் சத்தமும், மேசைமேல் புது ஹார்ட் டிஸ்க் முனகுவதும், அதற்கு அடியில் இன்னதென்று சொல்ல முடியாத ஓர் உரசலும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டன. டிஸ்க் நேற்றுச் சாயங்காலம் வாங்கியது. பழையது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தது. காந்திபுரம் கடைக்காரர் ஜாவித் அப்போதே சொன்னார்.

"பெருசா ஒண்ணு வேண்டாமுங்க அக்கா. சின்னதா ரெண்டு எடுத்துக்கோங்க. தொழில் படம் ஒண்ணுல, ஊட்டுப் படம் ஒண்ணுல. ரெண்டுக்கும் இன்னொரு காப்பி போட்டு வெச்சுப்போடுங்க."

"எல்லாம் ஒண்ணுலயே கிடக்கட்டுமுங்க. எனக்குத் தேடறதுக்கெல்லாம் நேரமில்ல."

யார் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள்? நாலு டெராபைட் டிஸ்க் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, எஸ்லின் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களையும் துக்க வீட்டுப் படங்களையும் ஒன்றாக ஏற்றினாள். இன்று காலை பழைய டிஸ்க் நின்றுபோனது. மகளின் ஏழு வருடமும் இனி இந்த ஒன்றில்தான்.

அடுத்த படத்தைத் திறந்தாள்.

குழந்தை ஒரு வரிசை முன்னால் வந்திருந்தது. மஞ்சள் கவுன். தோளில் ஒரு துணிப்பூ. எஸ்லினின் பிறந்தநாளுக்கு அந்தப் பூவைத் தைத்தது ரெபேக்காதான்.

எஸ்லினின் பிறந்தநாள் படங்களைத் திறந்தாள். கேக் இருந்தது. மெழுகுவர்த்திகள் இருந்தன. கைதட்டும் பிள்ளைகள் இருந்தார்கள். கேக்குக்குப் பின்னால் யாருமில்லை. ஞானஸ்நானப் படத்தில் ஞானத்தாய் வெறும் சால்வையை ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அறையில் சம்பங்கி மணத்தது. வாடின சம்பங்கியும் பன்னீரும், குளிர்பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே, அந்த ஈர வாடையும்.

பக்கத்து அறைக்கு ஓடினாள். எஸ்லின் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. இங்கயே இரு. எந்திரிக்காத."

சின்னப்பராஜின் மகன் வின்ஸ்டனுக்கு போன் போட்டாள். "ஏனுங்க தம்பி, நேத்து மஞ்சக் கவுன் போட்ட புள்ள யாராச்சும் வந்துச்சுங்களா?"

"எங்கூட்டுல சின்னப் புள்ளைகளே கிடையாதுங்க அக்கா. ஏனுங்க?"

போனை வைத்துவிட்டாள்.

முப்பத்தெட்டாவது படத்தில் எஸ்லின் பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தாள். முப்பத்தொன்பதில் ஒரு கால் உள்ளே. நாற்பதாவது, பெட்டியை மூடும்போது எடுத்தது. அதை அவள் திறக்கவில்லை.

துக்கப் படங்களை மொத்தமாக அழித்துவிடலாம். அழித்தால் அவற்றோடு எஸ்லினும் போவாள். விட்டால் மூடி விழும்.

பயத்துக்கும் மேலே கோபம் வந்தது.

"பெரியவரே, உங்களுக்கு மரியாதையாத்தான் படம் எடுத்தேனுங்க. எம்புள்ளையக் குடுக்க மாட்டேன். நீங்க போங்க."

எஸ்லின் நிற்கும் துக்கப் படங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தாள். அங்கிருந்து வெட்டினாள். பெட்டியும் பெரியவருமாக அப்படியே வீட்டுப் படங்களுக்குள் கொண்டுவந்து ஒட்டினாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. நின்றது. டிஸ்க் கரகரத்தது. அவள் மேசையை ஓங்கித் தட்டினாள். கோடு நகர்ந்தது. முடிந்தது.

பிறந்தநாள் படத்தைத் திறந்தாள். கேக்குக்குப் பின்னால் எஸ்லின், முன்பல் இல்லாத சிரிப்போடு. ரெபேக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஜெயித்துவிட்டாள்.

பக்கத்து அறையில் டிவி நின்றது.

தொப்.

இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையில் விழும் சத்தம்.

தொப். தொப்.

"ம்மா, நடக்க வரலம்மா."

எஸ்லின் வாசற்படியில் நின்றாள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. பிணத்துக்குக் கட்டுவார்களே, அந்தக் கட்டு.

ரெபேக்கா மேசை இழுப்பறையை இழுத்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். மண்டியிட்டு வெட்டினாள். துணி தரையில் விழுந்தது.

கட்டியிருந்தது.

வெட்டினாள்.

கட்டியிருந்தது. முன்னைவிட இறுக்கமாக.

"அசையாத கண்ணு. அம்மா இருக்கறேன்."

வெட்டினாள். பிஞ்சு விரல்கள் நீலம் பாரித்தன. மறுபடி வெட்டினாள். முழங்காலைச் சுற்றி வெள்ளைத் துண்டுகள் குவிந்துகொண்டே இருந்தன.