கழுதை ஏற்றத்தில் ஒரு பொய்ப் பஞ்சர்

லவீனியாவின் சைக்கிள் முன் சக்கரத்தில் காற்று கிண்ணென்றுதான் இருந்தது. அவளே குனிந்து, வால்வைத் திருகி, காற்றைப் பிடுங்கிவிட்டாள்.

"புஸ்ஸ்ஸ்..."

யாரும் பார்க்கவில்லை. முன்னால் போன சைக்கிள் கிளப் பிள்ளைகள் கிளப்பிய வெள்ளைப் புழுதி இன்னும் அடங்காமல் இருந்தது. சாலையோரத்துத் திராட்சை இலைகளெல்லாம் மாவு பூசிக்கொண்டு நின்றன.

"கோச்! பஞ்சர்!" என்று அவள் கத்தினாள்.

ஏன் இப்படிச் செய்தாள்? எதிரே கழுதை ஏற்றம் நின்றது. அதுதான் காரணம்.

அந்தக் காலத்தில் மலையைத் தாண்டி இருக்கும் மடத்துக்கு ஒயின் பீப்பாய் சுமந்துபோன கழுதை ஒன்று, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டதாம். அடித்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் துறவிகளே பீப்பாயைத் தூக்கிப் போனார்களாம். கழுதையையும் சேர்த்துத் தூக்கினார்கள் என்று கிளப்பில் கூட ஓட்டும் டூச்சோ சொல்வான். டூச்சோ சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும்.

வழக்கமாக லவீனியா இந்த ஏற்றத்தை எப்படியோ தம் கட்டி ஏறிவிடுவாள். ஆனால் இன்று காலையில் டூச்சோவோடு பழைய கல் பாலம் வரைக்கும் பந்தயம் ஓட்டினாள். ஜெயித்தாள். ஜெயித்த கால்கள் இரண்டும் இப்போது சோர்ந்து துவண்டுபோயிருந்தன.

இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமே? அதுதான் முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் வாய் சும்மா இருந்திருந்தால் முடிந்திருக்கும்.

போன ஞாயிறு லாப்போ இந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளினான். லாப்போ புதுப் பையன். அவன் அம்மாவுக்கு இங்கே ஒயின் ஆலையில் வேலை கிடைத்ததால் செப்டம்பரில்தான் ஃப்ளாரன்ஸிலிருந்து வந்தான். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் இன்னொரு நகரமான சியன்னாவின் பக்கம். இரண்டு நகரங்களும் இந்த மலைகளுக்காகச் சண்டை போட்டு ஓய்ந்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைகள் மட்டும் இன்னும் ஓயவில்லை.

ஏற்றத்தின் உச்சியில் நின்றுகொண்டு லவீனியா அன்றைக்குக் கத்தினாள்: "டேய், அங்க பாருங்கடா! ஃப்ளாரன்ஸ்காரன் சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டு வரான்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பள்ளிக்கூடத்திலும் வாரம் முழுக்க அதே பேச்சு. "லாப்போ, உன் சைக்கிள் தண்ணி குடிச்சுதா? சாப்பிட்டுதா?" லவீனியாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமைதான் இப்போது அவள் காலை வாரிவிட்டது. அவள் நடப்பதை டூச்சோ பார்த்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் விடமாட்டான். ஆனால் பஞ்சர் ஆனவளை யார் கேலி செய்வார்கள்? எல்லாரும் போகட்டும், மெதுவாகத் தள்ளிக்கொண்டு ஏறி, மேலே போய்க் காற்றடித்துக்கொள்ளலாம். அதுதான் அவள் திட்டம்.

"பஞ்சரா? நான் வரவா?" என்று தூரத்திலிருந்து கோச் ஃபியோரெல்லாவின் குரல் கேட்டது.

"வேணாம் கோச்! நானே மாத்திப்பேன்! நீங்க போங்க!"

"நான் இருக்கேன் கோச்!" என்றது இன்னொரு குரல். அது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

லாப்போ! லவீனியாவுக்குத் திக்கென்றது. இன்றைக்கு அவன்தான் துடைப்பம். கிளப்பில் எல்லாருக்கும் கடைசியாக வருபவனுக்கு அதுதான் பெயர். யாரையும் வழியில் விட்டுவிடாமல் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வருவது அவன் வேலை.

அவன் பார்த்திருப்பானோ? இல்லை. இப்போதுதான் வளைவு திரும்பி வந்தான். கண்ணிமையில்கூடப் புழுதி ஒட்டியிருந்தது.

"மாத்து ட்யூப் எடு. நான் சக்கரத்தைக் கழட்டறேன்" என்றான்.

லவீனியா முதுகுப் பைக்குள் கையை விட்டாள். ஆளுக்கு ஒரு மாற்று ட்யூப் கொண்டுவர வேண்டும் என்பது கிளப் சட்டம். அவள் பையில் திராட்சை ரொட்டிதான் இருந்தது. அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வீடு சுடுகிற ரொட்டி. இரண்டு துண்டு வைத்ததில் ட்யூபுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

"வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்."

லாப்போ ரொட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் சிரித்திருந்தால் தேவலாம். அவன் தன் பையிலிருந்து தன்னுடைய ட்யூபை எடுத்தான்.

"இந்தா. கிளப் சைக்கிள் எல்லாம் ஒரே அளவுதானே."

"வேணாம் லாப்போ! காத்து மட்டும் அடிச்சுப் பாப்போம்."

"பஞ்சர் ஆன ட்யூப்ல காத்தடிச்சு என்ன பிரயோஜனம்?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

லாப்போ டயரை நெம்பி, பழைய ட்யூபை உருவினான். பிறகு டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்க்க ஆரம்பித்தான்.

"என்ன தேடறே?"

"முள்ளு. எடுக்காம விட்டா புது ட்யூபையும் குத்திடும்."

ஒரு சுற்றுத் தடவினான். ஒன்றும் அகப்படவில்லை. மறுபடியும் தடவினான். நகமெல்லாம் கறுப்பாகிவிட்டது.

"ஒண்ணுமே இல்லையே! ஆச்சரியமா இருக்கே!"

"விழுந்திருக்கும்" என்றாள் லவீனியா. காது மடல் சுட்டது. ஒரு பொய் சொன்னால் அது தனியாக இருக்காது போலிருக்கிறது. ரொட்டி தின்ன வரும் எறும்பு மாதிரி, பின்னாலேயே மற்ற பொய்களும் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

புது ட்யூபைப் போட்டு, காற்றும் அவனே அடித்தான். பழைய ட்யூபைச் சுருட்டி அவளிடம் கொடுத்தான். "வீட்டுக்குப் போய் ஒட்டிக்கோ. தூக்கிப் போட்டுடாத."

அவள் அதை ரொட்டிக்கு அடியில் திணித்துக்கொண்டாள்.

"கால் வலிக்குது. நான் தள்ளிட்டே வரேன். நீ ஏறிப் போ" என்றாள்.

"துடைப்பம் முன்னாடி போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவனும் இறங்கித் தள்ளினான்.

கொஞ்ச தூரம் போனதும் அவன் சொன்னான்: "இந்த வாரம் பூரா சாயங்காலம் சாயங்காலம் இங்க வந்து ஏறிப் பழகினேன். நேத்துதான் இறங்காம ஏறினேன். யாரும் பாக்கலை."

லவீனியா சாலையையே பார்த்துக்கொண்டு தள்ளினாள்.

"அம்மா இன்னிக்கு மடத்து வாசல்ல வந்து நிக்கறாங்க. 'இன்னிக்கு ஏறிடுவேம்மா'ன்னு சொல்லிட்டு வந்தேன். பரவால்ல, அடுத்த வாரம் ஏறிக்கலாம்."

'பரவால்ல' என்று அவன் சொன்னது அவளுக்குச் சாட்டையடி மாதிரி விழுந்தது. போன வாரம் அவனை நடக்க வைத்தது ஏற்றம். இந்த வாரம் நடக்க வைத்தது அவள். வெட்கத்தில் எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் ஏற்றத்தில் ஓடக் காலில் தெம்பு வேண்டுமே.

உச்சியில் ஃப்ளாரன்ஸையும் சியன்னாவையும் பிரித்த பழைய எல்லைக்கல் நின்றது. அதன்மேல் ஒரு பல்லி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இருவரும் ஏறி உட்கார்ந்து இறக்கத்தில் விட்டார்கள். முதல் வளைவுகூடத் தாண்டவில்லை.

"டப்!"

லாப்போ தடுமாறி நின்றான். அவன் முன் டயரில் கூரான சரளைக்கல் ஒன்று செருகிக்கொண்டிருந்தது. கல்லைப் பிடுங்கியதும் மிச்சக் காற்றும் போனது. ட்யூபில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல்.

அவன் கை தானாக முதுகுப் பைக்குப் போனது. வெறும் பை. கையை எடுத்துக்கொண்டான்.

போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "சிக்னல் இல்ல. நீ முன்னாடி போய் கோச்கிட்ட சொல்லு. கார் எடுத்துட்டு வரட்டும்." போனைப் பையில் போட்டுக்கொண்டே, "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. நானே சொல்லிக்கறேன்" என்றான்.

கார்! ஃப்ளாரன்ஸ்காரன் காரில் வந்து இறங்குவான். வாசலில் அவன் அம்மா நிற்பார். படிக்கட்டில் டூச்சோ இருப்பான். அப்புறம் பள்ளிக்கூடத்தில் என்ன பேசுவார்கள் என்பது லவீனியாவுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பேச்சையெல்லாம் ஆரம்பித்துவைத்ததே அவள்தானே.

அவள் பையில் நல்ல ட்யூப் ஒன்று இருக்கிறது. துளிகூட ஓட்டை இல்லாத ட்யூப். ஆனால் அதை எடுத்துக் கொடுத்தால், ஓட்டை ஏன் இல்லை என்றும் சொல்ல வேண்டும்.

'ஒருவேளை ஓட்டை சின்னதா இருக்கும், போட்டுப் பாரேன்' என்று சொல்லலாமா? அவன் நம்பிவிடுவான். அவன்தான் எல்லாவற்றையும் நம்புகிறானே! அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

அவள் ட்யூபை எடுத்து நீட்டினாள். அதில் திராட்சைச் சாறு ஒட்டியிருந்தது.

"இதைப் போடு."

"அது பஞ்சர் ஆனதாச்சே?"

"ஆகல. நான்தான் காத்தைப் பிடுங்கி விட்டேன்."

லாப்போவுக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"ஏற முடியல. நடந்தா எல்லாரும் சிரிப்பாங்கன்னு..." குரல் உள்ளே போனது. "உன்னைப் பாத்து நான் சிரிச்சேன்ல, அந்த மாதிரி."

லாப்போ ட்யூபை வாங்கினான். கொஞ்சம் காற்றடித்து, கன்னத்தருகே வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். எங்கும் காற்று வரவில்லை. அவன் முகம் சிவந்தது.

"முள்ளு தேடினேனே! ரெண்டு தடவை தேடினேனே! பாத்துட்டு நின்னியே!"

"ஆமா."

"என் ட்யூபையும் வாங்கிட்டு, என்னையும் நடக்க வெச்சு..."

"ஆமா" என்றாள் மறுபடியும். "மன்னிச்சுக்கோ லாப்போ" என்றாள் மெல்ல.

அவன் 'பரவால்ல' என்று சொல்லவில்லை. நெம்புகோலை அவளிடம் நீட்டி, "நீ மாத்து" என்றான். சொல்லிவிட்டு எல்லைக்கல்லில் போய் உட்கார்ந்துகொண்டான். பல்லி ஓடிவிட்டது.

லவீனியா மாற்றினாள். டயரின் உள்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்து, கல்லின் உடைந்த நுனி ஒன்றையும் கண்டுபிடித்து எடுத்தாள். அவள் நகமும் கறுப்பானது. காற்றடித்து முடித்துச் சைக்கிளை நிமிர்த்தினாள்.

அவன் மடத்துப் பக்கம் திருப்பினான்.

"அந்தப் பக்கம் வேணாம்" என்றாள் அவள்.

"ஏன்?"

"ஏற்றம் இந்தப் பக்கம்தானே இருக்கு? கீழ போய்ட்டுத் திரும்ப ஏறு. அம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கே."

"லேட்டாயிடும். எல்லாரும் காத்திட்டிருப்பாங்க."

"ஏன் லேட்டுன்னு நான் சொல்லிக்கறேன்."

லாப்போ சைக்கிளைக் கீழ்ப்பக்கம் திருப்பினான். "நீ இங்கயே இரு" என்றான்.

"முடியாது. யாரும் பாக்கலைன்னு மறுபடியும் சொல்வே. நான் பாக்கணும்."

இருவரும் கீழே போய்த் திரும்பினார்கள். லாப்போ குனிந்து, ஒரே சீராக மிதித்தான். அவசரப்படவில்லை. பின்னால் லவீனியாவும் மிதித்துப் பார்த்தாள். கழுதை உட்கார்ந்ததாகச் சொல்லும் இடம் வந்தது. அவள் கால் நின்றது. இறங்கினாள்.

"விடாத லாப்போ! மிதி! இன்னும் கொஞ்சம்தான்! மிதிடா!" என்று தள்ளிக்கொண்டே கத்தினாள். மூச்சு வாங்கியது. கத்துவதை நிறுத்தவில்லை.

சக்கரம் ஒரு தடவை சரளையில் வழுக்கியது. அவன் இடுப்பைத் தூக்கி ஒரு மிதி மிதித்தான். அடுத்த நிமிஷம் எல்லைக்கல் பக்கத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

அவர்கள் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது, எல்லாரும் மடத்துத் தேவாலயப் படிக்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கோச் கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். வாசலில் லாப்போவின் அம்மா, ஆலையிலிருந்து நேராக வந்தவர், ரப்பர் பூட்ஸோடு நின்றார்.

"லாப்போ! ஏறிட்டியா கண்ணா?"

அவன் வாய் திறப்பதற்குள் லவீனியா முந்திக்கொண்டாள். "ஏறிட்டான் ஆன்ட்டி! ஒரு இடத்துலகூட இறங்கல. நான் பாத்தேன்."

"ஒரு பஞ்சருக்கா இவ்வளவு நேரம்?" என்று படிக்கட்டிலிருந்து டூச்சோ கத்தினான்.

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். லாப்போ குனிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனாகக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது.

"என் சக்கரம் பஞ்சரே ஆகல" என்றாள் சத்தமாக. "ஏற முடியல. நடக்க வெக்கமா இருந்துச்சு. நானே காத்தைப் பிடுங்கி விட்டுட்டு, லாப்போவோட ட்யூபை வாங்கிட்டேன். அப்புறம் அவனுக்கு நிஜமாவே பஞ்சர் ஆயிடுச்சு."

கோச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டூச்சோவின் வாய் மெல்ல விரிந்தது. "அப்போ நீ... நீ நடந்தியா? கழுதை ஏற்றத்துல? நீயா?"

அவள் முகம் தக்காளிப் பழமாகச் சிவந்தது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

"ஆமா, நடந்தேன். அதுவும் ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை!"

லாப்போதான் முதலில் சிரித்தான்.