தொண்ணூற்று நாலு கிலோவுக்கு ஒரு சைக்கிள்

அமிர்தம் ஏறிய மூன்றாவது வாடகைச் சைக்கிளும் மணிமுத்தாற்றங்கரையில் படுத்துவிட்டது.

முதல் சைக்கிளின் பின்சக்கரம் எட்டுப் போட்டதுபோல் வளைந்தது. இரண்டாவதில் சீட்டு ஸ்பிரிங் தெறித்துப்போய் மணலில் விழுந்தது. அதைத் தேடியே அரைமணி வாடகை கரைந்தது. மூன்றாவதில் சக்கரத்துக் கம்பிகள் சோளம் பொரிவதுபோல் படபடவென்று விட்டுப்போயின.

"யம்மா, கும்பிட்டுக் கேட்டுக்கறேன். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றார் வாடகைக் கடைக்காரர். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே கும்பிட்டார்.

அமிர்தம் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். அவள் மகள் கயல்விழிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கயல்விழிக்குப் பதினோரு வயது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தால் அவள் கோபத்துக்குத்தான் முதலிடம் கொடுப்பாள்.

"அம்மாவுக்கு ஓட்டத் தெரிஞ்சிடுச்சு. உங்க சைக்கிளுக்குத்தான் ஒண்ணும் தெரியல!" என்றாள்.

அமிர்தத்துக்குச் சைக்கிள் கட்டாயம் வேண்டியிருந்தது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. சூளையிலிருந்து வரும் கோப்பை, பொம்மை, ஃபியூஸ் கட்டை எல்லாவற்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத் தரம் பிரிப்பாள். 'டிங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் உள்ளே விரிசல். பத்து வருஷமாகத் தட்டித் தட்டி, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட அவள் காதுக்குத் தெரியும்.

அதனால்தான் மேனேஜர் ஜெயராஜ், "ஒண்ணாந் தேதியிலேருந்து நீங்கதான் சூளை மேஸ்திரி" என்று சொல்லியிருந்தார். அந்தக் கம்பெனியில் அதுவரை ஒரு பெண் மேஸ்திரி ஆனதில்லை. ஆனால் சூளையைக் காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். வீட்டிலிருந்து கம்பெனி ஏழு கிலோமீட்டர். முதல் பஸ்ஸே ஏழரை மணிக்குத்தான். கயல்விழியின் அப்பா பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் தங்கி வேலை பார்க்கிறார், கொண்டுபோய் விடவும் ஆளில்லை.

"ஆறு மணிக்கு வர முடியலன்னா சொல்லிடுங்க, வேலைய நடராசனுக்குக் குடுத்துடறேன்" என்றும் மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் எட்டே நாள்.

மறுநாள் தாயும் மகளும் கடலூர் ரோட்டில் இருந்த தேவநாதன் சைக்கிள் கடைக்குப் போனார்கள். தேவநாதன் அமிர்தத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"யாருக்குச் சைக்கிளு?"

"எனக்குத்தாங்கண்ணே."

"உங்களுக்கா?" தேவநாதன் பக்கத்து டீக்கடைக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்: "சைக்கிளு எதுக்கும்மா, டிராக்டரு வாங்குங்க!"

டீக்கடை பெஞ்சு முழுவதும் சிரித்தது. அமிர்தம் தலையைக் குனிந்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். வீட்டுக்கு வந்ததும், "வேணாம் கயலு. நான் மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்" என்றாள்.

"வேல வேணாமா? இல்ல சைக்கிளு வேணாமா?"

"சிரிக்கறாங்கடீ."

"அவங்க சிரிச்சா நடராசன் மாமாவுக்குத்தான் லாபம். நமக்கு என்ன?"

மேனேஜரைப் பார்க்க நாளைக்குப் போகலாம் என்று அம்மாவை எப்படியோ நிறுத்தி வைத்தாள் கயல்விழி. அன்று சாயங்காலம் பால் ஊற்ற வந்தார் கொளஞ்சியப்பன். அவர் சைக்கிளைத் தினமும்தான் பார்க்கிறாள். அன்றுதான் நின்று பார்த்தாள். பின்னால் இரண்டு பக்கமும் பெரிய பால் கேன்கள்.

"மாமா, ஒரு கேன்ல எத்தன லிட்டரு?"

"நாப்பது. ஏன் பாப்பா, மொத்தமா வாங்கப் போறியா?"

"நீங்க எத்தன கிலோ?"

"நான் ஒரு அறுவது இருப்பேன்."

கயல்விழி மனக்கணக்குப் போட்டாள். பால் எண்பது, அவர் அறுபது, கேன்களின் எடை வேறு. நூற்றைம்பதுக்கும் மேல்!

"உங்க சைக்கிளு ஒடைஞ்சதே இல்லியா?"

"ஒடைஞ்சா ஊருக்குக் காப்பி ஏது?" என்று சிரித்தார் அவர். பிறகு சைக்கிளைச் சாய்த்துக் காட்டினார். சக்கரத்துக் கம்பிகள் தடியாக இருந்தன. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கூடுதலாகத் தாங்கு கம்பி இருந்தது. சீட்டுக்கு அடியில் முறுக்குப்போல மூன்று பெரிய ஸ்பிரிங். கயல்விழி ரஃப் நோட்டில் எல்லாவற்றையும் எழுதி, படமும் வரைந்துகொண்டாள்.

இனி ஒன்றுதான் தெரிய வேண்டும். அதைக் கேட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது.

விடிந்ததும் அம்மாவை ஜங்ஷன் ரயிலடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே வண்ண விளக்குகள் சுற்றுகிற எடை இயந்திரம் நின்றது.

"நான் ஏற மாட்டேன்."

"சூளைக்குள்ள எவ்ளோ சரக்கு ஏத்தறோம்னு தெரியாம தீ வெப்பியாம்மா?"

அமிர்தம் முறைத்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பையை மகளிடம் கொடுத்துவிட்டுச் சட்டென்று ஏறினாள். இயந்திரம் கடகடவென்று யோசித்து ஒரு சின்ன அட்டையைத் துப்பியது. தொண்ணூற்று நாலு கிலோ.

அமிர்தம் அட்டையை முந்தானையில் ஒளித்தாள்.

"எதுக்கும்மா ஒளிக்கற? கொளஞ்சியப்பன் மாமா சைக்கிளு நூத்தம்பது கிலோ தாங்குது. அதுக்கு நீ ஒல்லி!"

ரயிலடி என்றும் பார்க்காமல் அமிர்தம் கடகடவென்று சிரித்துவிட்டாள்.

அங்கிருந்து நேராகத் தேவநாதன் கடை. இந்தமுறை கயல்விழி முன்னால் போனாள்.

"மாமா, எங்கம்மா தொண்ணூத்தி நாலு கிலோ. அதுக்கு இந்த மாதிரி ஒரு சைக்கிளு வேணும்" என்று நோட்டை நீட்டினாள்.

எடையை இப்படி வெளிப்படையாகச் சொல்வாள் என்று தேவநாதன் எதிர்பார்க்கவில்லை. சிரிப்பதற்கு அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பால்காரங்க சைக்கிளாச்சே! குறுக்க பார் கம்பி இருக்கும். சேல கட்டிக்கிட்டு எப்படி ஏறுவாங்க?"

கயல்விழி இதை யோசிக்கவில்லை. அவள் கண்கள் கடை முழுவதும் அலைந்தன. மின்னுகிற லேடீஸ் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. எல்லாமே ஈர்க்குச்சிமாதிரி இருந்தன. உள்ளே, சுவர் ஆணியில், தூசி படிந்து, சக்கரமில்லாத ஒரு கறுப்புச் சைக்கிள் ஃபிரேம் தொங்கியது. குறுக்கே பார் இல்லை. அதற்குப் பதிலாகத் தடித்த இரண்டு பைப்புகள் சாய்வாக ஓடின.

"அது என்னாது மாமா?"

"அதுவா? பழைய மாடல் லேடீஸு. இரும்பு மாதிரி கனம். காலேஜ் புள்ளைங்க யாரும் தொட மாட்டேன்னுட்டாங்க. அஞ்சு வருஷமா தொங்குது."

"அதக் கழட்டுங்க."

தேவநாதன் அமிர்தத்தைப் பார்த்தார்.

"கழட்டுங்கண்ணே" என்றாள் அமிர்தம்.

யாரும் கேட்காத ஃபிரேம் என்பதால் அதைப் பாதி விலைக்குக் கொடுத்தார். தடிக் கம்பி வைத்த சக்கரம், தாங்கு கம்பி, பெரிய ஸ்பிரிங் சீட்டு எல்லாம் சேர்த்தும், மின்னுகிற புதுச் சைக்கிளைவிட விலை குறைவாகவே வந்தது. மூன்று நாளில் பூட்டித் தருவதாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் சைக்கிள் கடை வாசலில் நின்றது. கறுகறுவென்று, கம்பீரமாக, யானைக்குட்டி மாதிரி. டீக்கடை பெஞ்சு வேடிக்கை பார்க்கத் தயாராக உட்கார்ந்திருந்தது.

"ஏறுங்கம்மா" என்றார் தேவநாதன்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் கயல்விழி.

ஆற்றங்கரையில் படபடவென்று விட்டுப்போன கம்பிகள் அவளுக்கு நினைவிருந்தன. கீழே உட்கார்ந்து பின்சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினாள். டிங். டிங். டிங். டிங். டொக்.

அமிர்தத்தின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

"இன்னொரு தடவ சுண்டு" என்றாள்.

டொக்.

"என்னம்மா, தாயும் மவளும் வீணை கச்சேரியா?" என்றார் தேவநாதன்.

அமிர்தம் சேலையைச் செருகிக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிச் சக்கரம் முழுவதையும் சுண்டிக் கேட்டாள். எழுந்தபோது, தரம் பிரிக்கும் மேசையின்முன் நிற்கிற அமிர்தமாக இருந்தாள்.

"ஆறு கம்பி லூசா இருக்குதுங்கண்ணே. ஒரே பக்கமா இருக்குது. இப்பிடியே ஏறுனா மத்த கம்பியில பாரம் போயி, ஒண்ணொண்ணா விட்டுப்போயிடும்."

"அதெல்லாம் நான் முறுக்கித்தான்..." என்று ஆரம்பித்த தேவநாதன் தானே சுண்டிப் பார்த்தார். டொக். அவர் முகம் மாறியது.

"அவசரத்துல பூட்டுனது" என்று முணுமுணுத்தார்.

சக்கரத்தைக் கழற்றி, சின்னச் சாவியால் ஒவ்வொரு கம்பியாக முறுக்கிப் பெண்டு எடுத்தார். முடிந்ததும் சக்கரத்தை அமிர்தத்திடம் நீட்டினார். "நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

அமிர்தம் ஒரு சுற்றுச் சுண்டினாள். நாற்பது கம்பியும் 'டிங்' என்றன.

"இப்ப சரி" என்றாள். சக்கரத்தைப் பூட்டியதும் ஏறி உட்கார்ந்தாள். சீட்டு ஒருதரம் மூச்சு விட்டதுபோல் அமுங்கி நின்றது. அவ்வளவுதான். வளையவில்லை, தெறிக்கவில்லை. மிதித்தாள். சைக்கிள் கடலூர் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. தூரத்துப் புளியமரம்வரை போய், மணியடித்துக்கொண்டு திரும்பி வந்தது.

அமிர்தம் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"கேரியரு தாங்குமான்னு பாக்கணும். நீங்க ஏறுங்கண்ணே."

"நானா?" என்றார் தேவநாதன்.

"நீங்க பூட்டுன வண்டி, உங்களுக்கே நம்பிக்க இல்லியா மாமா?" என்றாள் கயல்விழி.

டீக்கடை பெஞ்சு இப்போது தேவநாதனைப் பார்த்துச் சிரித்தது. வேறு வழியில்லாமல் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். அமிர்தம் மிதித்தாள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். "மெதுவாம்மா! மெதுவா!" என்ற தேவநாதனின் குரல் புளியமரம்வரை தேய்ந்துகொண்டே போனது.

ஒன்றாம் தேதி. ஸ்கூல் திறக்க இன்னும் நாள் இருந்ததால் கயல்விழியும் கேரியரில் தொற்றிக்கொண்டாள். வானம் வெளுக்கும்போது தாயும் மகளும் கம்பெனி வாசலில் இருந்தார்கள். மணி ஐந்து ஐம்பது. பெரிய இரும்புக் கேட் பூட்டிக் கிடந்தது. அமிர்தம் சைக்கிள் மணியை நீளமாக அடித்தாள்.

வாட்ச்மேன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்னா அமிர்தம், இந்நேரத்துல? சூளையே இன்னும் தொறக்கலியே!"

"தொறக்கத்தான் வந்திருக்கேன்" என்றாள் சூளை மேஸ்திரி. "கேட்ட நல்லா அகலமா தொறங்க. சைக்கிளு உள்ள வரணும்."