அந்த வீட்டில் மட்டும் கேட்ட தட்டல்

டேப்பைக் கழற்றிய பிறகும் ஸ்பீக்கரில் அந்தத் தட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது.

கையில் ஸ்பூலோடு அவள் அப்படியே நின்றாள். டேப் இல்லை. மோட்டார் சுற்றவில்லை. ஆம்பிளிஃபயர் மட்டும் இளஞ்சூட்டோடு விழித்திருந்தது. டக், டக், டக். சற்று இடைவெளி. மறுபடியும் மூன்று. யாரோ விரல் முட்டியால் தகரத்தைத் தட்டுவது போல.

பதினெட்டு வருடமாக இந்த ரிப்பேர் வேலைதான் அவள் பிழைப்பு. தெருவில் எல்லோருக்கும் அவள் ரேடியோ அக்கா. ஸ்பூல் டேப் ரெக்கார்டரில் வரும் வேண்டாத சத்தங்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக் குரல்கள் மாதிரி அவளுக்குப் பழக்கம். எர்த் சரியில்லை என்றால் பெட்டிக்குள் வண்டு புகுந்தது போல ஓயாத உறுமல். டேப் உரசி ஓடும் ஹெட்டில் அழுக்கோ காந்தமோ ஏறினால் காய்ந்த இலைகள் உரசும் சலசலப்பு. ரப்பர் உருளை வறண்டுபோனால் எலிக்குஞ்சின் கீச்சு. ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு. இதற்கு அவளிடம் பெயர்கூட இல்லை.

மிஷின் கண் டாக்டருடையது. திங்கட்கிழமை அவரே காரில் தூக்கி வந்தார். பின்னணியில் இரைச்சல், பாட்டே எடுபடவில்லை என்றார். "கண்ணை நான் பாத்துக்கறேன், காதை நீங்க பாத்துக்கங்கம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டுகளைத் துடைத்தாள், காந்தத்தை இறக்கினாள், உப்பிப்போயிருந்த இரண்டு கெபாசிட்டர்களை மாற்றினாள். இரைச்சல் போயிற்று. இரைச்சல் போன இடத்தில், இதுவரை அதன் அடியில் படுத்திருந்தது போல, இந்தத் தட்டல் எழுந்தது.

மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினாள். மிஷினைத் திருப்பி வைத்தாள். தனியாக எர்த் இழுத்தாள். ஃபிரிட்ஜை, மின்விசிறியை, கடைசியில் வீட்டு மெயினையே அணைத்துவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்த்தாள். உறுமல் குறையக் குறையத் தட்டல் தெளிந்தது. அதன் பின்னால் வேறொன்றும் இருப்பது இப்போது புரிந்தது. கனமான, ஈரமான, மெதுவாகப் புரளும் ஓசை. கிணற்றுக்குள் காதை வைத்தது போல.

வியாழக்கிழமை டாக்டர் வந்து, வீட்டில் போட்டுப் பார்க்கிறேன் என்று மிஷினை எடுத்துப் போனார். இரவே போன் செய்தார். "தேன் மாதிரி பாடுதும்மா. நீங்க சொன்ன தட்டலும் இல்ல, கிட்டலும் இல்ல."

"இருக்க முடியாது சார். நல்லா கவனிச்சீங்களா?"

"ரெண்டு மணி நேரம் உக்காந்து கேட்டேன். சரி, உங்க மனசு ஆறட்டும். காலைல கொண்டு வரேன்."

கொண்டு வந்தார். அதே மேசை, அதே பிளக். சுவிட்சைப் போட்டதும், டக், டக், டக். டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. குனிந்து, நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஷின்ல இல்லம்மா" என்றார். "உங்க வீட்லதான் இருக்கு."

அப்போதுதான் உள் அறைக் கதவருகே தங்கை வந்து நின்றாள். வெறுங்கால். தலைமுடி பின்னாமல் நேராகத் தொங்கியது. டாக்டரைப் பார்த்தாள், பிறகு மிஷினைப் பார்த்தாள், மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தங்கச்சி சார்" என்றாள் அக்கா. "அந்தப் படகுல போனவ."

ஊர் முழுக்க அறிந்த செய்தி அது. நாற்பத்து மூன்று நாட்களுக்கு முன் ஆற்று முகத்துவாரத்தில் பயணிகள் படகு ஒன்று கவிழ்ந்தது. மேல்தட்டில் இருந்தவர்கள் நீந்தித் தப்பினார்கள். கீழ்த்தட்டு அறைக்குள் இருந்தவர்கள் வரவில்லை, தங்கையும் வரவில்லை. படகு இன்னும் அடியில்தான் கிடக்கிறது, நீரோட்டம் தணிந்தால்தான் தூக்க முடியும் என்று விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள், எல்லோரும் கைவிட்ட பிறகு, தங்கை கரையோரம் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அன்று அக்கா அழுத அழுகை அவள் பிறந்ததிலிருந்து அழாதது. அம்மா அப்பா போன பிறகு இவளுக்கு அவள், அவளுக்கு இவள் என்று இருந்த வீடு. சின்ன வயதில் அக்கா எங்கே போனாலும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவாள் என்பதால் தங்கைக்கு 'வாலு' என்றே பெயராகிவிட்டது. பல் தேய்க்கும்போதுகூடப் பேசுகிறவள். தூங்கினால் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே கிடக்கும். திரும்பி வந்தவள் அப்படி இல்லை. கேட்டால் பதில் சொல்கிறாள், போட்டால் சாப்பிடுகிறாள், கிடத்திவைத்த பொம்மை போல மல்லாந்து படுக்கிறாள். 'வாலு' என்று கூப்பிட்டால் ஒரு கணம் கழித்துத்தான் திரும்புகிறாள், அது யார் என்று யோசிப்பது போல. அதிர்ச்சி, நாளாக நாளாகச் சரியாகும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அக்கா அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் மிஷினை விட்டுவிட்டு விடைபெற்றபோது வாசலில் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சியை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. இவ்வளவு நேரம் கண்ணை இமைக்கவே இல்ல."

மத்தியானம் வானம் மூடிக்கொண்டது. சாப்பிட்டுவிட்டுத் தங்கை தன் அறையில் படுத்தாள். அக்கா மேசைக்குத் திரும்பினாள். தட்டல் வீட்டில் இருக்கிறதென்றால், எங்கே இருக்கிறது? பழைய பிளேபேக் ஹெட் ஒன்று, கட்டைவிரல் நகத்தை விடச் சற்றே பெரியது, டப்பாவில் கிடந்தது. அதை நீளமான மெல்லிய ஒயரின் நுனியில் வைத்துச் சால்டர் செய்தாள். மறுமுனையை மிஷினில் கொடுத்தாள். இனி அந்த ஹெட்தான் காது. எங்கே சத்தம் கூடுகிறதோ அங்கேதான் கோளாறு. ஒயரைப் பிரித்து விட்டுக்கொண்டே வீட்டுக்குள் நடந்தாள்.

மீட்டர் பெட்டி அருகே வெறும் உறுமல். சமையலறைச் சுவரில் எதுவும் இல்லை. தண்ணீர்க் குழாயில் காட்டினாள், தட்டல் குறைந்தது. கூடத்தில் திரும்பினாள், கூடியது. ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள், முன்னறையிலிருந்து வரும் ஸ்பீக்கர் சத்தத்தைக் கவனித்துக்கொண்டே, கண்ணைக் கட்டிக்கொண்டு தேடும் விளையாட்டில் கைதட்டலை வைத்துத் திசை பிடிப்பது போல. தட்டலுக்குப் பின்னாலிருந்த ஈர ஓசை இப்போது நுரைத்தது, சுழன்றது. எங்கிருந்தோ ஆற்றுச் சேற்றின் வாடை, துருவின் வாடை. அது மூக்கில் வருகிறதா மனதில் வருகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

தங்கையின் அறை வாசலில் ஸ்பீக்கர் அதிர்ந்தது.

ஜன்னலாக இருக்கும் என்று நினைத்தாள். ஜன்னலில் குறைந்தது. அலமாரியில் குறைந்தது. கட்டில் இரும்புக் கட்டில்தானே, ஏதாவது எர்த் பிரச்சினையாக இருக்கும். கட்டில் காலில் வைத்தாள். குறைந்தது.

தங்கை மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. அக்கா ஹெட்டை அவள் மார்புக்கு மேலே, சேலையைத் தொடாமல் நீட்டினாள்.

முன்னறை ஸ்பீக்கரில் தகரம் அதிர்ந்தது. டக், டக், டக். அதோடு ஒரு குரல். கரகரத்த, களைத்த, கத்திக் கத்தி ஓய்ந்த குரல்.

"யாராச்சும் இருக்கீங்களா... கதவு தொறக்க மாட்டேங்குது..."

அக்கா ஹெட்டை இன்னும் தாழ்த்தினாள்.

"தண்ணி கழுத்து வரைக்கும் வந்துடுச்சு... கண்ணே தெரியல... எங்க அக்காகிட்ட சொல்லுங்க... ரேடியோ அக்கான்னு கேட்டா யாரும் வீட்டைக் காட்டுவாங்க..."

படுத்திருந்தவளின் உதடுகள் அசையவில்லை. மார்பு ஏறி இறங்கவும் இல்லை. இவள் திரும்பி வந்த இத்தனை நாளில் தான் ஒரு முறைகூட அதைக் கவனிக்கவில்லை என்பது அக்காவுக்கு அப்போது உறைத்தது.

"வாலு!" என்று கத்திவிட்டாள்.

தட்டல் நின்றது.

தண்ணீர் மட்டும் புரண்டது. பிறகு, மிக அருகில், ஸ்பீக்கரில் வாயை வைத்துக் கேட்டது போல:

"அக்கா?"

கட்டிலில் கண்கள் திறந்தன.

"அவகிட்டப் பேசாதே" என்றாள் படுத்திருந்தவள். சாந்தமாக. தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாதே என்பது போல. "உன் குரலைக் கேட்டா அவளுக்கு வழி தெரிஞ்சிடும்."

"நீ யாரு?"

படுத்திருந்தவளின் கை எழுந்தது. அக்காவின் விரல்களுக்கிடையிலிருந்து ஹெட்டைப் பிடுங்கியது. அந்த விரல்கள் குளிர்ந்திருந்தன. வாய் திறந்தது. ஹெட் நாக்கின் மேல் இருந்தது. பிறகு இல்லை.

விழுங்கினாள்.

ஒயர் நகர்ந்தது. மெதுவாக, நிற்காமல், தரையில் கிடந்த சுருள் அவிழ்ந்து அவிழ்ந்து கட்டில் மேலேறி உதடுகளுக்குள் போனது. ஒரு முழம். இரண்டு முழம். தொண்டையில் எந்த அசைவும் இல்லை. கிணற்றுக்குள் கயிறு இறங்குவது போல. முன்னறையில் குரல் இன்னும் பெரிதாகியது. இன்னும் அருகில் வந்தது.

"அக்கா! எங்கே இருக்கே? அக்கா!"

"இங்கே இருக்கேன்டி!"

"பேசாதேன்னேன்" என்றது அந்த வாய், ஒயரைச் சுற்றி.

முன்னறையில் ஏதோ இழுபட்டது. மேசைமேல் மிஷின். அதன் எடை முழுவதும் மரத்தில் உரசிக்கொண்டு வந்தது. பிளக் பிடுங்கிக்கொள்ளும் சத்தம். ஸ்பீக்கர் செத்தது. இனி எதுவும் கேட்காது. தட்டலும் இல்லை. குரலும் இல்லை. மேகம் உறுமும் சத்தம் மட்டும்.

அக்கா ஒயரை இரண்டு கையாலும் பிடித்தாள். உள்ளங்கை அறுபட்டது. விடவில்லை. குதிகாலைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினாள். ஒயர் நின்றது. இழுத்தாள். ஒரு விரற்கடை வந்தது. வெளியே வந்த ஒயரில் சேறு. இன்னும் இழுத்தாள். படுத்திருந்தவளின் கடைவாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. பழுப்புத் தண்ணீர். தலையணை நனைந்தது.

திடீரென்று ஒயர் கனத்தது.

சிக்கிக்கொண்ட கனம் இல்லை. பிடித்துக்கொண்ட கனம். அடியில் யாரோ ஒரு கையால் பற்றி, பிறகு மறு கையால் பற்றி, ஏறுகிற கனம்.

ஒயரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். இழுத்தாள். இன்னொரு சுற்று.

திரும்பி வந்ததிலிருந்து எதற்கும் மாறாத அந்த முகம் மாறியது. கண்கள் அக்காவைக் கெஞ்சின. தலை இடமும் வலமும் ஆடியது. வேண்டாம், வேண்டாம். தாடை ஒடியும் சத்தம் கேட்டது. வாய் அகன்றது, இன்னும் அகன்றது, தண்ணீர் கொப்பளித்து இறங்கியது. அது வடிந்த இடத்தில், கீழ்வரிசைப் பற்களை உள்ளிருந்து பற்றிக்கொண்டு, நீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய நான்கு விரல்கள்.