தனுஷனின் டம்ளர்

தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தின் சுவரில் தொங்கவேண்டிய டம்ளர்களில் ஒன்று தரையில் நின்றது. பச்சை டம்ளர். மூன்று வயதுத் தனுஷனுடையது.

மூன்று மணிப் பாலுக்கு வரிசை பிடிக்கும்போது, "நான் ஊத்துறேன் டீச்சர்" என்று முந்திக்கொண்டு ஓடிவருவான். அவன் செத்துப்போய் ஒரு வருடம். டம்ளரை எடுத்துப்போக அவன் தாய் வரவேயில்லை. தூக்கியெறிய மடுவத்து டீச்சர் ஜீவராணிக்கும் மனம் வரவில்லை.

ஆணியில் மாட்டினாள். அப்போதுதான் மூக்கைக் குத்தியது அந்த மணம். ரப்பர் பாலை உறையவைக்கும் அசிட்.

ஜன்னலில் ஆரஞ்சு சோடாப் போத்தல். வெளியே, ரப்பர் பால் வெட்டும் சுதாகரன் மழைக்கு ஒதுங்கி நின்றான்.

"சோடாப் போத்தல்ல அசிட் ஊத்தாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? அந்தப் புள்ள எதைக் குடிச்சுச் செத்துச்சு?"

"கோவிக்காதீங்க டீச்சர். வேற எதுல கொண்டு போக? உங்க சேலத் தலப்புலயா?" சிரித்தபடி போத்தலோடு இறங்கிப்போனான்.

எல்லோரும் இப்படித்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஒவ்வொரு காம்பரா வீட்டிலும் தாய் தகப்பன்மார் நன்றாகத் தலையாட்டுவார்கள். மறுவாரம் அதே போத்தல், அதே அடுப்படி மூலை.

தகரக் கூரையில் மழை இரைந்தது. ரப்பர் மரங்களின் இருட்டு ஜன்னல் வழியே கசிந்து, பாயில் தூங்கும் பிள்ளைகள் மேலும், அவர்களுக்கு நடுவே கிடந்த அவள் மகள் சசி மேலும் மெல்லப் படர்ந்தது. மணம் மட்டும் போகவில்லை.

டக்.

பச்சை டம்ளர் மறுபடி தரையில். பக்கத்தில் ஆரஞ்சுப் போத்தல். மூடி இல்லை.

வாசலுக்கு ஓடினாள். "சுதாகரன்! ஏன் திரும்பவும் கொண்டாந்து வச்சீங்க?"

கீழே, வளைவில் நின்று அவன் கையைத் தூக்கிக் காட்டினான். கையில் போத்தல். "இந்தா, எங்கிட்டதானே இருக்கு!"

உள்ளே இருந்த போத்தலைத் தூக்கிக்கொண்டு போய், மழைத்தண்ணீர் ஓடும் கானில் கவிழ்த்தாள். சிமெந்து வெள்ளையாக நுரைத்தது. வெறும் போத்தலைப் பள்ளத்தில் வீசினாள். திரும்பினாள்.

பிள்ளைகள் எழுந்திருந்தார்கள். வரிசை. ஆளுக்கொரு டம்ளர். முன்னால் சசி.

சசிக்கு எதிரே, மூன்று வயதுக் கை உயரத்தில், ஆரஞ்சுப் போத்தல். பிடித்திருக்க யாருமில்லை. சரிந்து, ஊற்றி, அடுத்த டம்ளருக்கு நகர்ந்தது.

"அம்மா, இன்னைக்கு தனுஷன் ஊத்துறானாம்."

"குடிக்காதீங்க!" ஜீவராணி அலறினாள். "யாரும் குடிக்காதீங்க!"

பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். தாய் தகப்பனைப் போலவே நன்றாகத் தலையாட்டினார்கள்.

பிறகு, எல்லோரும் ஒன்றாக, டம்ளரை உயர்த்தினார்கள்.