ஹெட்லி ட்ரவுன்ஸின் மிதவை

தெற்கே மழைக்காற்று ஏறிக்கொண்டிருந்தது. அது வந்து பிடிப்பதற்குள் கடலோர ஓடைக்குள் நுழைந்துவிட்டதில் கெரென்சாவுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. சுக்கான் அவள் கையில் இருந்தது. கணவன் பாஸ்கோ கொக்கிக் கழியோடு படகின் முனையில் நின்று, படகு கட்டும் மிதவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஒன்றுகூடக் காலி இல்லை. கரையில் நாலைந்து வீடுகள், புகைபோக்கியில் புகை விடும் ஒரு பப். இவ்வளவுதான் ஊர்.

"நண்டு வேகுற வாசனை வருது பாரு," என்றான்.

"வர்றது சேத்து வாசனை. முதல்ல மூக்கைத் துடை."

வருஷத்தில் ஒரு வாரம் அவர்களுக்கு இப்படித்தான் கழியும். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையை ஒட்டிப் பாய் விரித்துப் போவார்கள். பொழுது சாய்வதற்குள் ஏதாவது ஒரு பப்பின் எதிரே படகைக் கட்டுவார்கள். அதிகம் சண்டை போடுவதும் அதிகம் சிரிப்பதும் அந்த ஒரு வாரத்தில்தான்.

"அதோ ஒண்ணு!" என்றான் பாஸ்கோ.

பாறைகளின் பக்கமாக ஒரு மஞ்சள் மிதவை தனியே கிடந்தது. பெரிய படகு எதுவும் அதில் இல்லை. பச்சை பெயின்ட் அடித்த சின்னத் துடுப்புப் படகு ஒன்று மட்டும் கட்டியிருந்தது.

"அது வேண்டாம். துடுப்புப் படகை விட்டுட்டுப் போயிருக்கான்னா ஆள் பெரிய படகுல வெளியில போயிருக்கான்னு அர்த்தம். திரும்பி வருவான்."

"இந்தக் காத்துலயா? எந்தக் கிறுக்கன் வருவான்? எங்கயாவது நல்லா குடிச்சுட்டுப் படுத்திருப்பான்."

"அடுத்தவன் இடம், பாஸ்கோ."

"சாப்பிட்டதும் கிளம்பிடுவோம், மகாராணி. மிதவை என்ன தேஞ்சா போயிடும்?"

பச்சைப் படகை அவிழ்த்துத் தங்கள் படகின் பின்னால் கட்டினான். மிதவைக் கயிற்றை இழுத்து முனைக் கட்டையில் சுற்றினான். கயிறு முழுக்கப் பாசி பிடித்து வழுக்கியது. உள்ளங்கையைப் பார்த்து முகம் சுளித்தான்.

"பனிக்கட்டி மாதிரி இருக்கு."

இருவரும் ரப்பர் படகில் கரைக்குப் போனார்கள். பப்புக்குப் போகும் படிகளில் பாதி ஏறும்போது மழை பிடித்தது.

"படகோட மேல் கதவைச் சாத்தினியா?" என்றாள் கெரென்சா.

"சாத்தலை. மெத்தையெல்லாம் நனைஞ்சிடும். நீ போய் நண்டு சொல்லு, இதோ வந்துடறேன்."

அவன் திரும்பிப் போனான்.

பப்புக்குள் கணப்பு எரிந்தது. பியரும் ஈரக் கம்பளியும் நாறின. ஐந்தாறு பேர் இருந்தார்கள். பப்பை நடத்தும் லவ்டே கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"வா ராசாத்தி. கோழிக்குஞ்சு மாதிரி நனைஞ்சிருக்கியே. எங்க கட்டியிருக்கீங்க?"

"பாறை பக்கத்து மஞ்சள் மிதவையில."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அதுல ஒரு பச்சைப் படகு கிடக்குமே."

"அவிழ்த்து எங்க பின்னாடி கட்டிட்டோம். ஆள் வந்துட்டா சொல்லுங்க, உடனே போயிடறோம்."

மூலையில் இருந்த கிழவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"உன் புருஷன் எங்க?" என்றாள் லவ்டே.

"படகுக்குப் போயிருக்கார். ஏன்?"

லவ்டே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அது ஹெட்லி ட்ரவுன்ஸ் இடம். நான் கல்யாணமாகி இங்க வந்த வருஷம் அவனும் பொண்டாட்டி டீகனும் புயலோட வீடு திரும்பினாங்க. அவன் மிதவையில எவனோ வெளியூர்க்காரன் கட்டிட்டு, இதோ இந்த மேஜையில உட்கார்ந்து தின்னுக்கிட்டிருந்தான். இங்க அடியில நங்கூரம் பிடிக்காது. ஹெட்லி கத்தினான். எவனோ குடிகாரன் பாடுறான்னு நாங்க சிரிச்சோம். படகு பாறையில உடைஞ்சு டீகன் போயிட்டா. அவன் மட்டும் நீந்திப் போய் அந்த வெளியூர்ப் படகோட பின்பக்கத்தைத் தொத்திக்கிட்டான். தின்னு முடிச்சு வந்தவன் எதையும் பார்க்கலை. எஞ்சினைப் போட்டுட்டான்."

கெரென்சா மணிக்கட்டை உருவப் பார்த்தாள். லவ்டே விடவில்லை.

"அடியில சுத்துற எஞ்சின் விசிறி அவனைக் கிழிச்சிடுச்சு. பச்சைப் படகு அவனோடது. வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சு நாங்கதான் அங்கேயே கட்டி வைக்கிறோம். அது அங்க கிடக்கிற வரைக்கும் அவன் வெளியில போயிருக்கான். இன்னும் திரும்பி வரலை. அவ்வளவுதான்."

அப்போது ஓடையிலிருந்து சத்தம் வந்தது.

ஓர் ஆணின் குரல். இழுத்து இழுத்து, பாட்டுப்போல.

"என்... இடத்தை... விடு..."

கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். அதன் மேலேயே இன்னொரு குரல் கிளம்பியது. அந்த அலறலைக் கெரென்சாவுக்குத் தெரியும்.

"பாஸ்கோ!"

அவள் ஓடினாள். லவ்டே பின்னாலேயே வந்து மீன் வெட்டும் கத்தியை அவள் கையில் திணித்தாள். பப்பின் துடுப்புப் படகைக் காட்டினாள்.

"கயிறை வெட்டிட்டுப் பாயிலேயே வெளிய போயிடு. என்ன ஆனாலும் எஞ்சினை மட்டும் போடாத."

"யாராவது கூட வாங்களேன்!"

ஒருவரும் படியை விட்டு இறங்கவில்லை.

மழைத்திரையில் கரை மறைந்தது. அவள் துடுப்பு வலித்துப் போய்ச் சேர்ந்தபோது படகின் முனை தண்ணீருக்குள் அமுங்கியிருந்தது. கீழிருந்து யாரோ கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல.

பாஸ்கோ முனையில் குப்புறக் கிடந்தான். மிதவைக் கயிறு அவன் முன்கையைக் கட்டையோடு சேர்த்து இறுக்கியிருந்தது. விரல்கள் பின்பக்கமாக மடங்கியிருந்தன. முழங்கைக்குக் கீழே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"அவிழ்க்கத்தான் போனேன், கெரி," என்று முனகினான். "கூப்பிட்டான்... அவிழ்க்கத்தான் போனேன்..."

அவள் கத்தியைப் பாய்ச்சினாள். கயிறு அறுபட அறுபட, அதிலிருந்து பாசியும் ரத்தமும் கலந்து வழிந்தன. கடைசிப் புரி தெறித்ததும் முனை துள்ளி எழுந்தது. பாஸ்கோ உருண்டு படகின் தளத்தில் விழுந்து அலறினான்.

காற்று படகைப் பாறைப் பக்கம் தள்ளியது.

அவள் பின்பக்கம் பாய்ந்து சுக்கானைத் திருப்பினாள்.

திரும்பவில்லை.

குனிந்து பார்த்தாள். பின்பலகையில் இரண்டு கைகள் தொத்தியிருந்தன. நகங்கள் பெயர்ந்த, வெளுத்துப்போன கைகள். அவற்றுக்கு நடுவே ஒரு முகம். உறுமவில்லை. அழுதது.

"டீகன் தண்ணிக்குள்ள போயிட்டா," என்றது. "கையைக் குடும்மா."

கெரென்சா கையை நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று பின்னால் பாஸ்கோ பலமுறை கேட்டான். கடலில் ஒருவன் கை கேட்டால் நீட்டாமல் இருக்க அவள் பழகியிருக்கவில்லை.

பிடி இறுகியது. தோள்மூட்டு நழுவியது. அவள் இடுப்புவரை தண்ணீருக்கு மேல் தொங்கினாள். அந்த முகம் இன்னும் கெஞ்சிக்கொண்டே அவளைக் கீழே இழுத்தது.

"பாறை!" பாஸ்கோ கதறினான். "கெரி, பாறை!"

பாய் ஏற்ற நேரமில்லை. ஒரு கையால் ஏற்றவும் முடியாது. இடது கைக்கு எட்டும் தூரத்தில் எஞ்சின் சாவி இருந்தது.

பாஸ்கோவைப் பார்த்தாள். தண்ணீரில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். அது தலையை ஆட்டியது.

"வேண்டாம்மா... வேண்டாம்..."

திருப்பினாள்.

எஞ்சின் உறுமியது. ஈர மரத்தில் கோடாலி இறங்கியதுபோல் படகுக்குக் கீழே ஓர் அடி. இன்னொன்று. மூன்றாவது அடியில் படகே குலுங்கியது. அந்த அலறல் தண்ணீருக்கு உள்ளேயிருந்து வந்தது. கூடவே எங்கோ பாறைகளுக்கு நடுவில் ஒரு பெண், "ஹெட்லி!" என்று கத்தினாள்.

மணிக்கட்டில் பிடி விட்டது.

படகு பாறையை உரசிக்கொண்டு ஓடையின் வாயைக் கடந்தது. பின்னால் நுரை சிவப்பாக நீண்டு கிடந்தது. அதற்கப்பால் யாருமில்லை; பின்னால் கட்டியிருந்த பச்சைப் படகும் இல்லை.

பாஸ்கோவின் கையை டாக்டர்கள் காப்பாற்றினார்கள். இரண்டு விரல்களை மட்டும் எடுத்துவிட்டார்கள். கெரென்சாவின் தோளிலும் கட்டுப் போட்டிருந்ததால், சில நாள் கழித்து நண்பர் ஒருவர்தான் அவர்களையும் ஏற்றிக்கொண்டு படகைச் சொந்தத் துறைக்கு ஓட்டி வந்தார். நல்ல வெயில். அலையே இல்லாத மத்தியானம். கரையோர வீட்டுக் கொடியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

"என்னப்பா இது, உங்க மிதவையை யாருக்காவது வாடகைக்கு விட்டிருக்கீங்களா?" என்று நண்பர் கேட்டார்.

"இல்லையே," என்றான் பாஸ்கோ.

அவர்களுடைய மிதவையில் படகு எதுவும் இல்லை. ஆனால் கயிறு தண்ணீருக்கு மேல் விறைத்து நின்றது. கனமான ஏதோ ஒன்று மறுமுனையில் இழுத்துக்கொண்டிருப்பதுபோல் முறுகி, சொட்டுச் சொட்டாக நீர் வடித்தது. அது முடிந்த இடத்தில் வெறும் காற்று.

"கெரி," என்றான் பாஸ்கோ, உதடு அசையாமல். "திருப்பச் சொல்லு."

அவள் வாயைத் திறப்பதற்குள், விறைத்த கயிறு தளர்ந்தது. காற்றில் நின்ற முடிச்சு நிதானமாக அவிழ்ந்தது. நுனி தண்ணீரில் விழுந்தது.

கண்ணுக்குத் தெரியாத படகு ஒன்று கிளம்பியதுபோல், அசையாத நீரில் ஒரு கோடு கிழிந்து, அவர்களை நோக்கி நீளத் தொடங்கியது.